புது கேஸ் ஷீட்டில் கையெழுத்துப் போடலாமா?

கேரள எல்லையோரம், தேனி மாவட்டம் கம்பத்திலிருந்து ஒரு செவிலியர் எழுதியிருக்கிறார். கடிதம் நீளம். ஆளை அடையாளம் காட்டக்கூடியதை எல்லாம் எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

"வணக்கம் அக்கா. நான் ஒரு சின்னத் தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். போன மாதம் ஒரு ராத்திரி, மலைக்கு மேலே கேரளப் பக்கம் ஏலத்தோட்டத்தில் பூச்சிமருந்து அடித்துக்கொண்டிருந்த ஒரு அண்ணனை ஜீப்பில் தூக்கி வந்தார்கள். வாயில் எச்சில் ஒழுகியது, உடம்பெல்லாம் வேர்வை, பியூப்பில் பின்பாயின்ட், அதாவது கண்ணின் பாப்பா ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. பேச்சு இருந்தது. 'மாஸ்க் கேட்டேன், நாளைக்குத் தர்றேன்னாங்க' என்றார். அதையும் எழுதினேன். டியூட்டி டாக்டர் வீட்டில் இருந்தார், முதல் இரண்டு தடவை போனை எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்து, இந்த விஷத்துக்கு மாற்றாகப் போடும் அட்ரோபின் ஊசியைப் போடச் சொன்னார், போட்டேன். 108-ஐக் கூப்பிட்டுத் தேனிக்கு அனுப்பினோம். கூட வந்த தோட்டத்து சூப்பர்வைசர் ஆபீஸ் ரூமில் பேசிவிட்டு வந்ததும் ரெஃபர் லெட்டரில் 'வாந்தி, பேதி' என்று எழுதிக் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் அவர் இறந்துவிட்டார். இப்போது போலீஸ், சிகிச்சை விவரம் எழுதிய கேஸ் ஷீட்டைக் கேட்டிருக்கிறது. புதிதாக ஒன்று தயார் செய்து, என் நோட்ஸை அதில் திருப்பி எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். பழைய ஷீட்டை போனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன், அது தப்பா? என் ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் அவர்களிடம்தான் இருக்கிறது. இறந்தவரின் மனைவி எங்களுக்கு அடுத்த தெரு, பார்க்கும்போதெல்லாம் எதையாவது கேட்கிறார். நான் என்ன செய்யட்டும்?"

தங்கச்சி, கையெழுத்துப் போடாதீர்கள். "நாளைக்குப் பார்க்கலாம் சார்" என்று இழுத்தடிப்பதையும் நிறுத்திவிட்டு, "அன்றைக்கு எழுதியதுதான் என் நோட்ஸ், வேறு எழுத முடியாது" என்று சொல்லிவிடுங்கள். வாயால் சொன்னது போதாது. அதையே நாலு வரியில் ஒரு கடிதமாக எழுதி நிர்வாகத்துக்கு ஸ்பீட் போஸ்ட்டில், சேர்ந்ததற்கான ஒப்புகை கேட்டு அனுப்பி, ரசீதை வீட்டில் வையுங்கள். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

புது ஷீட்டில் என்ன எழுதச் சொல்கிறார்கள் என்று நீங்கள் அனுப்பியதைப் படித்தேன். வந்த நேரம் 8.10 என்பது 8.50 ஆகிறது. டாக்டர் போனை எடுக்காத நேரம் அதில் மறைந்துவிடும். மருந்தடித்ததும் மாஸ்க் கேட்டதும் போய், "இரண்டு நாளாக வாந்தி" என்று வருகிறது. இது தோட்டத்துக்காரர்களுக்காக. இந்த இரண்டும் உங்கள் கண்ணில் பட்டிருக்கிறது, கடிதத்திலேயே சொல்லியிருக்கிறீர்கள். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அதை நீங்கள் கவனித்த மாதிரி தெரியவில்லை. பழைய ஷீட்டில் "டாக்டர் போனில் சொன்னபடி" என்று நேரம் போட்டு எழுதியிருந்தீர்களே, அந்த வரி புதியதில் கிடையாது. "இன்ஜெக்‌ஷன் அட்ரோபின் போடப்பட்டது" என்று மட்டும் இருக்கிறது, கீழே உங்கள் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறார்கள். அதாவது டாக்டர் சொல்லாமல் ஒரு நர்ஸ் தன் இஷ்டத்துக்கு அட்ரோபின் போட்டார் என்று உங்கள் கையாலேயே எழுதி வாங்கப் பார்க்கிறார்கள். வேண்டுமென்றே செய்தார்களா, அவசரத்தில் விட்டார்களா என்பது எனக்குத் தேவையில்லை. நாளைக்குக் கோர்ட்டில் அதைப் படிப்பவருக்கும் தேவையில்லை.

இதில் சட்டம் உங்களுக்குக் கொஞ்சம் ஓரவஞ்சனை செய்கிறது. 2024 ஜூலை 1 முதல் ஐபிசி போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்ததே, அதில் அஜாக்கிரதையால் மரணம் என்பது 106-ஆம் பிரிவு. பொதுவாக 5 ஆண்டு வரை சிறை. பதிவு பெற்ற மருத்துவர் சிகிச்சை செய்யும்போது நடந்தால் மட்டும் 2 ஆண்டு வரை. இந்தச் சலுகை மருத்துவப் பதிவேட்டில் பெயர் உள்ளவர்களுக்குத்தான் என்று அந்தப் பிரிவின் விளக்கமே சொல்கிறது. செவிலியர் அதில் வரமாட்டார். ஒரே அறையில் ஒரே நோயாளிக்கு நடந்த ஒரே காரியத்துக்கு டாக்டருக்கு ஓர் அளவு, உங்களுக்கு ஓர் அளவு. ஆகவே "டாக்டர் சொன்னார், நான் செய்தேன்" என்ற அந்த வரியை விட்டுக்கொடுத்துவிட்டு வந்தால் உங்களைக் காப்பாற்ற எந்த வக்கீலும் ரொம்பச் சிரமப்பட வேண்டியிருக்கும்.

பயப்படுத்தச் சொல்லவில்லை. நீங்கள் அன்றைக்குச் செய்ததில் கிரிமினல் குற்றம் என்று எனக்கு எதுவும் தெரியவில்லை. 2005-இல் ஜேக்கப் மாத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம், சாதாரணக் கவனக்குறைவு போதாது, மோசமான அஜாக்கிரதை இருந்தால்தான் கிரிமினல் வழக்கு, அதற்கும் முன்னால் இன்னொரு மருத்துவரின் நடுநிலையான கருத்தைப் போலீஸ் வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. அது டாக்டர்களை வைத்து வந்த தீர்ப்பு. செவிலியருக்கும் அதே அளவுகோல்தான் என்று வக்கீல்கள் நாங்கள் வாதாடுவோம். மற்றபடி இழப்பீடு என்று வந்தால் நுகர்வோர் கோர்ட் முதலில் பார்ப்பது ஆஸ்பத்திரியைத்தான். 1998-இல் ஸ்பிரிங் மெடோஸ் வழக்கு, செவிலியர் நரம்பில் போட்ட ஊசியால் ஒரு குழந்தையின் வாழ்க்கையே போன வழக்கு. அதில் பணம் கட்டச் சொன்னது மருத்துவமனையை. தகுதியில்லாத கையில் வேலையை ஒப்படைத்ததற்காக டாக்டரையும் கோர்ட் விடவில்லை.

சரி, திருப்பி எழுதினால் யாருக்குத் தெரியப் போகிறது என்று மேனேஜர் சொன்னாராமே. தெரியும். 108-க்கு நீங்கள் போன் செய்த நேரம் அவர்கள் கம்ப்யூட்டரில் இருக்கிறது. வண்டியில் வந்த ஈ.எம்.டி.யிடம் (ஆம்புலன்ஸில் முதலுதவி பார்ப்பவர்) "தோட்டத்து மருந்து, அட்ரோபின் போட்டிருக்கு" என்று வாயால் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள், அவர் அதைத் தன் தாளில் குறித்திருப்பார். டாக்டரை மூன்று தடவை கூப்பிட்ட நேரம் போன் கம்பெனியிடம் இருக்கிறது. பார்மசி பில்லில் அட்ரோபின் இருக்கிறது. ஜீப் செக்போஸ்ட்டைத் தாண்டித்தானே வந்தது? இறந்தவரின் உள்ளுறுப்பு மாதிரி தடயவியல் ஆய்வகத்துக்குப் போயிருக்கும், அதில் மருந்து வந்தாலும் வராவிட்டாலும் தேனி மெடிக்கல் காலேஜ் கேஸ் ஷீட் ஒன்று தனியாக இருக்கிறது. இத்தனைக்கும் ஒத்துப்போகாத ஒரே தாள் நீங்கள் கையெழுத்துப் போட்டதாக இருக்க வேண்டுமா?

போலீஸ் கேட்ட ஆவணத்தை ஒளித்து வேறொன்றை வைப்பது தனிக் குற்றம். நியாய சன்ஹிதாவில் ஆவணத்தை அழிப்பது 241-ஆம் பிரிவு, கோர்ட் நடவடிக்கைக்காகப் பொய்ச் சாட்சியம் தயாரிப்பது 228, 229, அதற்கு 7 ஆண்டு வரை. பழைய ஷீட்டில் நிஜமாகவே ஏதாவது விட்டுப்போயிருந்தால் அதைச் சேர்க்க நேர்மையான வழி இருக்கிறது. பழைய வரியைத் தொடக்கூடாது, ஒயிட்னர் ஆகாது. கீழே "தாமதப் பதிவு" என்று போட்டு, இன்றைய தேதி, இப்போதைய மணி, என்ன விட்டுப்போனது, ஏன் இப்போது எழுதுகிறீர்கள், கையெழுத்து. எழுத்துப் பிழை என்றால் படிக்கிற மாதிரி ஒற்றைக் கோடு இழுத்துப் பக்கத்தில் சுருக்கக் கையெழுத்து. நர்சிங் ஸ்கூலில் முதல் வருஷமே சொல்லிக் கொடுக்கிற விஷயம், மேனேஜருக்குத்தான் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இனி ரெஃபர் லெட்டர். இதில் உங்களைத் தட்டிக்கொடுக்க என்னால் முடியாது. "வாந்தி, பேதி" என்று எழுதியது நீங்கள் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தத் தாள் பொய் என்று தெரிந்தே நோயாளியுடன் அனுப்பினீர்கள். இந்த மாதிரி விஷத்தில் ஒவ்வொரு அரைமணி நேரத்துக்கும் கணக்கு உண்டு. தேனியில் கேஷுவாலிட்டியில் இருந்த டாக்டர் அந்த லெட்டரை நம்பியிருந்தால்? ஈ.எம்.டி.யிடம் சொன்னது பெரிய காரியம், அதுதான் உங்களை இங்கே காப்பாற்றுகிறது. இனி ஒரு தடவை இப்படி வந்தால், லெட்டரில் கையை வைக்க முடியாவிட்டாலும், போகிற ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் போட்டு "மருந்தடித்த கேஸ் வருது" என்று சொல்லி, சொன்ன நேரத்தையும் யாரிடம் சொன்னீர்கள் என்பதையும் நோட்ஸில் எழுதுங்கள். அந்த நிமிஷத்தில் உங்கள் முதல் கடமை நோயாளிக்கு, சம்பளம் கொடுப்பவருக்கு இல்லை.

போலீசுக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு "நடந்தது கேரளா, நமக்கு எதுக்கு" என்றார்களாம். இந்த ஒரு வாக்கியத்தை எல்லைப்புறத்தில் எத்தனை ஆஸ்பத்திரியில் கேட்டுவிட்டேன்! விஷம் என்றாலே எம்.எல்.சி., அதாவது போலீசுக்குத் தகவல் போக வேண்டிய கேஸ்தான், அவர் குடித்தாரா, மேலே பட்டதா, எங்கே பட்டது என்பதெல்லாம் அப்புறம். பதிவு போட்டு உள்ளூர் ஸ்டேஷனுக்குத் தகவல் கொடுக்க வேண்டியது டாக்டரும் நிர்வாகமும். சம்பவம் மலைக்கு அந்தப் பக்கம் நடந்தால் கம்பம் ஸ்டேஷன் வாங்க மாட்டேன் என்று சொல்ல முடியாது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவு, எந்த எல்லையில் நடந்தாலும் தகவலைப் பதிந்துகொள் என்கிறது, ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்று சொல்வார்களே அது. பதிந்து அந்தப் பக்க ஸ்டேஷனுக்கு அனுப்ப வேண்டியது அவர்கள் வேலை. அதே போல, போலீஸ் வந்தால்தான் தொடுவேன் என்று நோயாளியை வாசலில் வைத்திருக்கவும் முடியாது. 1989-லேயே பரமானந்த் கட்டாரா வழக்கில், அரசு ஆஸ்பத்திரியோ தனியாரோ, உயிரைக் காப்பாற்றுவதுதான் முதல் வேலை, சடங்கு சம்பிரதாயம் அதைத் தடுக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நீங்கள் அவர் சட்டையைக் கழற்றி, தலைமுடி நகம் எல்லாம் சோப்புப் போட்டுக் கழுவியது சரி. கழற்றிய துணியைக் குப்பையில் போட்டுவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அடுத்த தடவை அதைக் கவரில் கட்டிப் பெயர் எழுதி வையுங்கள், கேன் அல்லது பாட்டில் கிடைத்தால் லேபிளோடு அதையும். 2011-இல் கேரள அரசு மோனோகுரோட்டோபாஸ், போரேட் மாதிரி சில பூச்சிமருந்துகளைத் தடை செய்தது. மேலே அடித்தது அந்த மாதிரி ஒன்றாக இருந்தால், சூப்பர்வைசர் ஏன் அவ்வளவு அவசரமாக ஆபீஸ் ரூமுக்குப் போனார் என்பதும் புரியும். இது என் ஊகம்தான், உங்கள் வாக்குமூலத்தில் இதைச் சேர்க்க வேண்டாம்.

மாஸ்க் பற்றி அவர் சொன்னதைத் தமிழில், அவர் பேச்சிலேயே எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதற்கு மதிப்பு அதிகம். தன் சாவுக்குக் காரணமான சம்பவத்தைப் பற்றி ஒருவர் சொல்லிவிட்டு இறந்தால், அது புதிய சாட்சியச் சட்டத்தில் 26-ஆம் பிரிவு. பழைய சட்டத்தில் 32, மரண வாக்குமூலம் என்போம். மாஜிஸ்ட்ரேட்டிடம் சொன்னால்தான் செல்லும் என்று சட்டத்தில் இல்லை. அன்றைக்கு அவருக்குச் சாகப் போகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும் என்றும் இல்லை. இறந்தவரின் குடும்பம் வேலையில் நடந்த மரணத்துக்கு இழப்பீடு கேட்கப் போனால், முதலாளி தரப்பு என்ன சொல்லும்? ஏற்கெனவே உடம்பு சரியில்லை என்பார்கள், முடிந்தால் தானே குடித்தார் என்பார்கள். அதற்கு எதிராக அந்த அம்மாவிடம் இருக்கப் போவது உங்கள் ஷீட்டின் அந்த ஒன்றரை வரி மட்டும்தான். தோட்டம் இடுக்கியில் இருந்தாலும் அவர் இங்கே தேனியிலேயே மனு போடலாம். 1923-இன் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்திலும் சரி, அதன் இடத்துக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் சரி, மனுதாரர் குடியிருக்கும் ஊர் போதும். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

இதை எல்லாம் அவரிடம் தெருவில் வைத்துச் சொல்லலாமா என்பதுதான் உங்கள் சங்கடம். நோயாளி இறந்ததால் அவர் ரகசியம் ஊர்ச்சொத்து ஆகிவிடாது. குழாயடியில், கோயில் வாசலில் ஷீட்டில் என்ன இருந்தது என்று பேசாதீர்கள். பேசினால் நாளைக்கு ஆஸ்பத்திரியே உங்கள் மேல் அதைத்தான் முதலில் தூக்கிப்போடும். ஆனால் உரிமை இருக்கிறது என்று சொல்வதில் ரகசியம் எதுவும் உடைவதில்லை. "அக்கா, ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்துக் கேஸ் ஷீட் காப்பி கேளுங்க, 72 மணி நேரத்துக்குள்ள குடுக்கணும்னு சட்டம் இருக்கு. போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டும் வாங்கி வையுங்க. ஒரு வக்கீலைப் பாருங்க." இவ்வளவு சொன்னால் போதும். 2002-இன் மருத்துவ ஒழுங்கு விதிகளில் இருக்கும் 72 மணி நேரக் கணக்கு அது, ஆவணத்தை 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பதும் அங்கேதான். அவர் எழுதிக் கேட்டுவிட்டால் அப்புறம் ஷீட்டை மாற்றுவதும் அவ்வளவு சுலபமில்லை.

படம் எடுத்தது தப்பா? நோயாளியின் தாளை சொந்தப் போனில் படம் எடுப்பதை நான் பொதுவாக ஆதரிக்க மாட்டேன். உங்கள் ஆஸ்பத்திரியில் அதற்குத் தடை இருந்தால் அதைக் காட்டி நோட்டீஸ் கொடுக்கலாம். ஆனால் ஒரு ஆவணம் அழியப்போகிறது என்று தெரிந்து எடுத்து, யாருக்கும் அனுப்பாமல் வைத்திருப்பவரை எந்தக் கோர்ட்டும் குற்றவாளியாகப் பார்க்காது என்பது என் கருத்து. இனி அழிக்காதீர்கள். யாருக்கும், எனக்கும்கூட, வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். அதில் போனால் படம் சுருங்கிவிடும், எடுத்த நேர விவரமும் போய்விடும். போனை மாற்றாதீர்கள், ரிப்பேருக்குக் கொடுக்காதீர்கள். கோர்ட்டில் காட்ட வேண்டி வந்தால் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி ஒரு சான்றிதழ் தேவைப்படும், அதை உங்கள் வக்கீல் பார்த்துக்கொள்வார்.

போலீஸ் விசாரணைக்குக் கூப்பிட்டால்? பெண்ணை ஸ்டேஷனுக்கு வரச்சொல்ல முடியாது, வீட்டில் வந்துதான் விசாரிக்க வேண்டும், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 179-ஆம் பிரிவு. மலைக்கு மேலே கேரளத்தின் வண்டன்மேட்டு ஸ்டேஷனிலிருந்து வந்தாலும் அதே சட்டம்தான், மலையேறி வா என்று யாரும் சொல்ல முடியாது. நீங்கள் சொல்வதை எழுதிக்கொள்வார்கள், அதில் கையெழுத்துப் போட வேண்டியதில்லை என்று 181 சொல்கிறது. அந்தப் பக்க போலீஸ் மலையாளத்தில் எழுதி நீட்டினால் மரியாதைக்குக்கூடப் போடாதீர்கள், படிக்கத் தெரியாத தாள் அது. கண்டதை மட்டும் சொல்லுங்கள். எந்த மருந்து என்று கேட்டால் "தெரியாது, இந்த அறிகுறிகள் இருந்தன" என்று சொல்லுங்கள்.

கடைசியாக சர்டிபிகேட். ஒரிஜினலைப் பிடித்துவைத்துக்கொண்டு வேலை வாங்குவது நம் ஊரில் ஏதோ வழக்கம் மாதிரி ஆகிவிட்டது. சர்டிபிகேட் ஒன்றும் அடகுப்பொருள் இல்லை, அதன் மேல் யாருக்கும் பிடிமானம் கிடையாது என்று சென்னை உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. கையெழுத்துக்கு மறுத்து எழுதும் அதே கடிதத்தில் இதைச் சேர்க்காதீர்கள், தனிக் கடிதமாக, 15 நாள் கெடு வைத்துக் கேளுங்கள். இரண்டையும் கலந்தால் சர்டிபிகேட்டுக்காகக் கதை கட்டுகிறாள் என்பார்கள். தரவில்லை என்றால் வக்கீல் நோட்டீஸ், அதற்கும் அசையவில்லை என்றால் போலீஸ் புகார். மருத்துவமனைப் பதிவு விஷயமாகப் புகார் கொடுக்க மாவட்டத்தில் இணை இயக்குநர், மருத்துவப் பணிகள் அலுவலகம் இருக்கிறது, ஜே.டி. ஆபீஸ் என்றால் தேனியில் யாரும் வழி சொல்வார்கள். அங்கே போவது இரண்டாம் கட்டம், முதலில் உங்கள் மறுப்புக் கடிதம் போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகை கைக்கு வரட்டும்.

வேலை போய்விட்டால் குமுளிக்கு அந்தப் பக்கம் வேலைக்குப் போகலாமா என்று ஓரமாக எழுதியிருக்கிறீர்கள். போகலாம், ஆனால் கேரள நர்சிங் கவுன்சிலில் மாற்றுப் பதிவு செய்யாமல் வார்டில் கால் வைக்காதீர்கள், இங்குள்ள பதிவு அங்கே தானாகச் செல்லாது. அந்த விண்ணப்பத்துக்கு ஒரிஜினல் சர்டிபிகேட் கேட்பார்கள், ஆகவே அந்தக் கடிதத்தையும் இந்த வாரமே தபாலில் சேர்த்துவிடுங்கள்.